ஓட்டு குறைந்தது, இடம் கூடியது: கிரேக்கத்தில் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2023-இல் கிரேக்கத்தில் 35 நாள் இடைவெளியில் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. மே 21-இல் நடந்த முதல் தேர்தலில் பிரதமர் கிரியாகோஸ் மிட்சோடாக்கிசின் மைய வலதுசாரிக் கட்சியான புதிய ஜனநாயகக் கட்சி 40.79 சதவீத ஓட்டு வாங்கியது. 300 இடங்களில் 146 கிடைத்தது. ஜூன் 25-இல் வாங்கியது 40.56 சதவீதம், கிடைத்தது 158. தலைக் கணக்கில் பார்த்தால் சுமார் 24 லட்சம் ஓட்டு 21 லட்சமாக இறங்கியிருக்கிறது. இடம் மட்டும் 12 ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். ஸோயி கொன்ஸ்டன்டொபூலூ என்ற வழக்கறிஞர் நடத்தும் 'ப்ளெஃப்சி எலெஃப்தெரியாஸ்' (விடுதலைப் பயணம் என்று பொருள் கொள்ளலாம்) கட்சிக்கு மே மாதம் சுமார் 1.70 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஜூனில் சுமார் 1.65 லட்சம் பேர் போட்டார்கள். 8 இடம் கிடைத்தது.

இரண்டும் அச்சுப்பிழை அல்ல. கிரேக்கத் தேர்தல் முறை அப்படித்தான் வேலை செய்கிறது. அந்த முறை தெரியாமல் "கிரேக்கர்கள் ஏன் இந்தக் கட்சிக்குப் போட்டார்கள், அந்தக் கட்சிக்கு ஏன் போடவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அங்கே ஒரு வாக்காளருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது பாதி விஷயம்தான். அன்றைய சட்டத்தில் தன் ஓட்டு என்ன வேலை செய்யும் என்பது மறுபாதி. ஒரே கட்சிக்குப் போடும் ஒரே ஓட்டு, ஒரு தேர்தலில் ஆட்சியை அமைக்கும். அடுத்த தேர்தலில் காற்றில் போகும்.

அடிப்படை: மூன்று எண்கள்

1. 300. நாடாளுமன்றத்தின் மொத்த இடங்கள். ஒரே அவைதான், மேலவை கிடையாது. நாடு 59 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இது தொகுதிக்கு ஒருவர் ஜெயிக்கும் இந்திய முறை அல்ல. நாடு முழுக்க ஒரு கட்சி வாங்கிய சதவீதம்தான் அதன் மொத்த இடங்களைத் தீர்மானிக்கிறது. அந்த இடங்கள் எந்தெந்தத் தொகுதியில் யாருக்குப் போகும் என்பது அதற்கு அப்புறம் பிரிக்கப்படுகிறது.

2. 3 சதவீதம். நாடு தழுவி இந்த அளவைத் தொடாத கட்சிக்கு எதுவும் இல்லை. 2.99 வாங்கினாலும் சுழியம்தான். அந்தக் கட்சிக்கு விழுந்த ஓட்டுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்தே இடங்களைப் பங்கிடுவார்கள். ஆகவே வெளியே நிற்கும் கட்சியின் ஓட்டு வெறுமனே வீணாவதில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும், அவரவர் அளவுக்கேற்ப, அது பங்காகப் போய்ச் சேர்கிறது. மிகப் பெரிய கட்சிக்கு மிகப் பெரிய பங்கு. கிரேக்கர்கள் இதை 'ஹமேனி ப்சிஃபோஸ்', அதாவது தொலைந்த ஓட்டு என்கிறார்கள். உண்மையில் அது தொலைவதில்லை, முகவரி மாறிப் போகிறது.

3. 151. ஆட்சிக்குத் தேவையான பெரும்பான்மை. ஒரே கட்சி இதை எட்டினால் அதற்கு 'அஃப்டோடினமியா' என்று பெயர், தன் பலத்தில் நிற்பது. தேர்தல் நேரத்தில் கிரேக்கத் தொலைக்காட்சியைப் போட்டால் காதில் அதிகம் விழும் சொல் இதுதான்.

சதவீதம் என்பது செல்லும் ஓட்டுகளில் சதவீதம் என்பதையும் கவனிக்க வேண்டும். செல்லாத ஓட்டும் வெற்றுச் சீட்டும் இதில் சேராது. மே 2023-இல் செல்லும் ஓட்டு சுமார் 59 லட்சம். அதில் 3 சதவீதம் என்றால் 1.77 லட்சம். ஜூனில் வெயில், விடுமுறைக் காலம், முடிவு தெரிந்துவிட்டது போன்ற அலுப்பு எல்லாம் சேர, செல்லும் ஓட்டு 52 லட்சமாகச் சுருங்கியது. 3 சதவீதம் 1.56 லட்சம் ஆனது. வாசற்படி தானாகவே 20 ஆயிரம் ஓட்டு தாழ்ந்துவிட்டது. கொன்ஸ்டன்டொபூலூவின் கட்சி உள்ளே வந்த கதை இதுதான். வாக்களிப்பது அரசியல் சட்டப்படி கட்டாயம்; நடைமுறையில் யாரையும் தண்டிப்பதில்லை. வீட்டில் இருப்பவர் யாருக்கும் உதவவில்லை என்று நினைக்கிறார். அப்படியில்லை, வாசலில் நிற்கும் சின்னக் கட்சிக்குப் படியைத் தாழ்த்திக் கொடுக்கிறார்.

போனஸ் இடங்கள்: சட்டம் மாறிமாறி வந்த கதை

முதலிடம் பிடித்த கட்சிக்கு அதன் பங்குக்கு மேல் இலவசமாகக் கொடுக்கப்படும் இடங்களே போனஸ். இலங்கையில் மாவட்டந்தோறும் முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுப்பது போல. ஆனால் இங்கே நாடு முழுமைக்கும் மொத்தமாக, அதுவும் 50 வரை.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று பார்க்க 2012 மே தேர்தலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். புதிய ஜனநாயகம் 18.85 சதவீதம், இடதுசாரி சிரிசா 16.78 சதவீதம். இடைவெளி இரண்டே சதவீதம். இடங்களோ 108-க்கு 52. முதலிடத்துக்கு 50 இடம் என்று சட்டம் சொன்னதால், அந்த இரண்டு சதவீதத்தின் விலை 56 இடங்கள். அந்தத் தேர்தலில் 3 சதவீதத்தைத் தாண்டாத கட்சிகளுக்கு மட்டும் சுமார் 19 சதவீத ஓட்டு விழுந்திருந்தது, அதாவது முதலிடக் கட்சியைவிட அதிகம்! ஆட்சி அமைக்க யாராலும் முடியவில்லை. ஜூனில் மறுபடி தேர்தல். அதற்குள் சிரிசா ஒரு காரியம் செய்தது. அதுவரை பல குழுக்களின் கூட்டணியாக இருந்த அது, தன்னை ஒரே கட்சியாகப் பதிவு செய்துகொண்டது. அன்றைய சட்டத்தில் கூட்டணி முதலிடம் வந்தால் போனஸ் கிடைப்பது கடினம், கட்சி வந்தால்தான் எளிது. கொள்கைக்காகக் கட்சிகள் ஒன்று சேர்வதைப் பார்த்திருக்கிறோம். 50 இடத்துக்காகச் சேர்வதும் உண்டு.

போனஸ் இல்லாத முறையை 'எளிய விகிதாசாரம்' என்றும், உள்ள முறையை 'வலுவூட்டிய விகிதாசாரம்' என்றும் கிரேக்கர்கள் சொல்கிறார்கள். எது இருக்க வேண்டும் என்பதில் நிரந்தர இழுபறி. 1989-இல் தோல்வியை எதிர்பார்த்த பாசோக் என்ற சோஷலிசக் கட்சியின் அரசு, ஏறத்தாழ எளிய விகிதாசாரத்துக்குச் சட்டத்தை மாற்றிவிட்டுத் தேர்தலுக்குப் போனது. விளைவு, பத்து மாதத்தில் மூன்று தேர்தல்கள். புதிய ஜனநாயகம் ஜூன் 1989-இல் 44.28 சதவீதம் வாங்கி 145 இடம், நவம்பரில் 46.19 சதவீதம் வாங்கி 148; ஏப்ரல் 1990-இல் 46.89 சதவீதம் வாங்கி 150. பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு! வேறொரு சின்னக் கட்சியின் ஒற்றை உறுப்பினரை வைத்துத்தான் கொன்ஸ்டன்டினோஸ் மிட்சோடாக்கிஸ் பிரதமர் ஆனார். இன்றைய பிரதமரின் தந்தை. மகனோ 2019-இல் 39.85 சதவீதத்தில் 158 இடம் பெற்றார். அப்பாவுக்கு 47 போதவில்லை, மகனுக்கு 40 தாராளம். குடும்பத்தில் யார் பெரிய தலைவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது; சட்டம் வேறு, அவ்வளவுதான்.

இப்படி ஆளுங்கட்சி தனக்கு வசதியாகக் கடைசி நேரத்தில் சட்டத்தை மாற்றுவதைத் தடுக்க, 2001-இல் அரசியல் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஒரு பூட்டுப் போட்டார்கள். புதிய தேர்தல் சட்டம் 200 உறுப்பினர் ஆதரவுடன் நிறைவேறினால் உடனடியாக அமலாகும். இல்லாவிட்டால் வரும் தேர்தலை விட்டு அதற்கடுத்த தேர்தலில்தான் அமலாகும்.

2023-இன் புதிர் முழுக்க இந்தப் பூட்டில்தான் இருக்கிறது. 2016-இல் அலெக்சிஸ் சிப்ராசின் சிரிசா அரசு போனஸை ஒழித்தது. 179 ஓட்டுதான் கிடைத்தது. ஆகவே 2019 தேர்தல் பழைய 50 போனஸிலேயே நடந்தது, அதில் லாபம் அடைந்தது மிட்சோடாக்கிஸ். அவர் 2020-இல் போனஸைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்கும் 200 கிடைக்கவில்லை. எனவே மே 2023-க்கு சிப்ராசின் சட்டம், ஜூன் 2023-க்கு மிட்சோடாக்கிசின் சட்டம். மே மாத முடிவு வந்த மறுநாளே மிட்சோடாக்கிஸ் ஆட்சி அமைக்கும் வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவது தேர்தலுக்குக் கிளம்பியதன் காரணம் இப்போது புரியும். ஐந்து இடம் குறைந்ததற்கு ஒரு பங்காளியைத் தேடுவதைவிட, ஐந்து வாரம் காத்திருந்து தன் சட்டத்தில் நிற்பது அவருக்கு லாபம்.

அந்த 2020 சட்டத்தின் போனஸ் படிப்படியானது. முதலிடக் கட்சி 25 சதவீதம் வாங்கினால் 20 இடம். அதற்கு மேல் ஒவ்வோர் அரை சதவீதத்துக்கும் ஓர் இடம். 40 சதவீதத்தில் 50 இடத்தோடு நிற்கும். 25-க்குக் கீழே என்றால் போனஸே கிடையாது.

சாவடிக்குள் என்ன நடக்கிறது

ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனி ஓட்டுச் சீட்டு. எல்லாச் சீட்டுகளையும் ஓர் உறையையும் கையில் கொடுத்துவிடுவார்கள். 'பரவான்' எனப்படும் மறைப்புக்குப் பின்னால் போய், ஒரு சீட்டை எடுத்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும். மற்றச் சீட்டுகள் குப்பைக்கு.

சீட்டில் அந்தத் தொகுதிக்கான கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும். பிடித்த பெயருக்கு அருகே நீலம் அல்லது கறுப்புப் பேனாவால் சிலுவைக் குறி இட வேண்டும். தொகுதியின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு குறி வரை போடலாம். இலங்கைத் தமிழருக்குப் பழக்கமான விருப்பு வாக்கேதான். கட்சிக்கு எத்தனை இடம் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதைச் சிலுவை முடிவு செய்யும்.

இந்த இரண்டும் தனித்தனி முடிவுகள் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரி 28-இல் டெம்பி என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 57 பேர் இறந்தார்கள். நாடே தெருவுக்கு வந்தது. போக்குவரத்து அமைச்சராக இருந்த கோஸ்டாஸ் கரமன்லிஸ் மறுநாள் பதவி விலகினார். மூன்று மாதத்துக்குள் நடந்த மே தேர்தலில் அதே கட்சியின் சார்பில் செரஸ் தொகுதியில் நின்று ஜெயித்தார். "டெம்பிக்குப் பிறகும் எப்படி?" என்று வெளிநாட்டவர் அதிர்ந்தார்கள். கரமன்லிஸ் குடும்பத்தின் பூர்வீகம் செரஸ் பக்கம். புதிய ஜனநாயகக் கட்சியை 1974-இல் நிறுவியவரே ஒரு கரமன்லிஸ். அங்கே சிலுவைக் குறி பல தலைமுறைப் பழக்கம். என் பார்வையில், இதை மக்கள் மன்னித்துவிட்டதாகப் படிப்பதும் தவறு, மறந்துவிட்டதாகப் படிப்பதும் தவறு. கட்சிக்கான காரணம் வேறு, ஆளுக்கான காரணம் வேறு.

இன்னொரு நுணுக்கம்: முந்தைய தேர்தல் நடந்து 18 மாதத்துக்குள் மறுதேர்தல் வந்தால் சிலுவை கிடையாது. வேட்பாளர் வரிசையைக் கட்சித் தலைமையே நிர்ணயிக்கும். ஜூன் 2012, செப்டம்பர் 2015, ஜூன் 2023 எல்லாம் இப்படிப் பட்டியலோடு நடந்தவை. அதனால் இரண்டாம் தேர்தலில் வேட்பாளர்கள் வீடு வீடாக ஓடுவது குறைகிறது, ஓட்டும் குறைகிறது.

வாக்காளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

இந்த அடிப்படையை வைத்துக்கொண்டு, ஒரு கிரேக்க வாக்காளர் கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. முதலிடத்துக்குப் போட்டி இருக்கிறதா?

போனஸ் உள்ள தேர்தலில் முதல் கேள்வி இதுதான். 2012 ஜூனிலும் 2015-இலும் முதலிடம் யாருக்கு என்பது உண்மையான போட்டி. அப்போது தனக்கு அரைகுறையாகப் பிடித்த பெரிய கட்சிக்கு ஓட்டுப் போடுவதில் அர்த்தம் இருந்தது. ஓர் ஓட்டு 50 இடத்தைத் திருப்பக்கூடிய தராசில் விழுந்தது. 2023 ஜூனிலோ முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 20 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது மே மாதமே தெரிந்துவிட்டது. "ஓட்டைச் சிதற விடாதீர்கள், எங்களுக்கே போடுங்கள்" என்ற சிரிசாவின் பழைய வாதம் அத்தோடு செத்துவிட்டது. 20.07 சதவீதம் 17.83 ஆனது.

2. என் கட்சி 3 சதவீதத்தைத் தாண்டுமா?

மே 2023-இல் 16 சதவீத ஓட்டு வாசலுக்கு வெளியே நின்றது. நிகி என்ற கட்சி 2.92, ப்ளெஃப்சி 2.89, முன்னாள் நிதியமைச்சர் யானிஸ் வருஃபாகிசின் மேரா25 கட்சி 2.63. செப்டம்பர் 2015-இல் சிரிசாவிலிருந்து பிரிந்த 25 உறுப்பினர்கள் தொடங்கிய மக்கள் ஒற்றுமைக் கட்சி 2.86-இல் நின்றுபோனது. 2019-இல் நவநாஜிக் கட்சியான பொன் விடியல் 2.93-இல் வெளியேறியது, அடுத்த ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அதைக் குற்ற அமைப்பு என்றே தீர்ப்பளித்தது. 2.8-க்கும் 3.2-க்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய பட்டையில்தான் கிரேக்க அரசியலின் பாதி நாடகம் நடக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கருத்துக்கணிப்பைத்தான் நம்ப வேண்டும். அது எப்போதும் கை கொடுக்காது. மே 2023-க்கு முன் வந்த கணிப்புகள் இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவே ஒற்றை இலக்க இடைவெளியையே காட்டின. வந்தது இரட்டை இலக்கம்.

3. எதிரியைத் தடுக்க எந்தச் சீட்டு உதவும்?

இங்கே பெரும்பாலோர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்; கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2023 ஜூனில் மிட்சோடாக்கிஸ் தனித்து ஆளக்கூடாது என்று நினைத்த ஓர் இடதுசாரி வாக்காளரை எடுத்துக்கொள்வோம். அவர் முன்னால் சிரிசா, பாசோக், கம்யூனிஸ்ட் கட்சி, ப்ளெஃப்சி, மேரா25 என்று ஐந்து சீட்டுகள். "பெரிய எதிர்க்கட்சிக்குப் போட்டால்தான் ஆளுங்கட்சியின் இடம் குறையும்" என்று அவரிடம் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. புதிய ஜனநாயகத்தின் இடங்கள் இரண்டு விஷயங்களைத்தான் பொறுத்தவை: அது வாங்கும் சதவீதம், வாசலுக்கு வெளியே நிற்கும் மொத்த ஓட்டு. அவருடைய ஓட்டு சிரிசாவுக்குப் போனாலும் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனாலும், இரண்டும் 3 சதவீதத்தைத் தாண்டுவதால், ஆளுங்கட்சிக்கு ஓர் இடம்கூட மாறாது.

மாறுவது எங்கே? விளிம்பில் நிற்கும் கட்சியிடம். ஜூனில் வெளியே நின்றது 6.09 சதவீதம்தான். 3.70 வாங்கிய நிகியும் 3.17 வாங்கிய ப்ளெஃப்சியும் சறுக்கியிருந்தால் அது கிட்டத்தட்ட 13 சதவீதமாகியிருக்கும். புதிய ஜனநாயகம் 158-க்குப் பதில் 166 இடம் பெற்றிருக்கும். பிரதமரின் கையிலிருந்து எட்டு இடத்தைப் பறித்தது, 17 சதவீத எதிர்க்கட்சி அல்ல. ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளாத இரண்டு துண்டுக் கட்சிகள். நிகி மதப் பற்றுள்ள வலதுசாரிக் கட்சி என்பது இதில் வேடிக்கை.

அப்படியானால் எல்லா ஓட்டும் உள்ளே போயிருந்தால் மிட்சோடாக்கிசைத் தடுத்திருக்க முடியுமா? முடியாது. 40.56 சதவீதத்துக்கு முழு 50 போனஸ். மிச்சம் 250 இடத்தில் 40.56 சதவீதம் என்றால் 101. கூட்டினால் 151. ஓர் ஓட்டுகூட வீணாகாவிட்டாலும் பெரும்பான்மை. 40.4-ஐத் தாண்டிவிட்ட கட்சியை இந்தச் சட்டத்தில் எதிர்க்கட்சி ஓட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் நிறுத்த முடியாது.

40-க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. என் கணக்கில், வெளியே நிற்பது 3 சதவீதம் என்றால் தனிப்பெரும்பான்மைக்கு ஏறக்குறைய 39.5 சதவீதம் வேண்டும். 10 சதவீதம் என்றால் 37.5 போதும்.

4. யாரோடு சேர்ந்து ஆள்வார்கள்?

கிரேக்கத்தில் கூட்டணிப் பேச்சு தேர்தலுக்குப் பிறகுதான். முதல் மூன்று கட்சித் தலைவர்களுக்கும் குடியரசுத் தலைவர் வரிசையாக ஆளுக்கு மூன்று நாள் வாய்ப்பு கொடுப்பார். யாராலும் முடியாவிட்டால் உயர் நீதிமன்றங்கள் மூன்றில் ஒன்றின் தலைவர் காபந்துப் பிரதமர் ஆகி, அடுத்த தேர்தலை நடத்துவார். 2012-இல் பிக்ரமெனோஸ், 2015-இல் தானு (நாட்டின் முதல் பெண் பிரதமர் இவர்தான்), 2023-இல் சர்மாஸ். நேரடியாகச் சேராமல், நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஒதுங்கி நின்று ஆட்சியைத் தாங்கும் வழியும் அரசியல் சட்டத்தில் உண்டு: அவையில் இருப்போரில் பெரும்பான்மை, அதுவும் குறைந்தது 120 பேர் ஆதரித்தால் போதும்.

மே 2023-இல் சிப்ராஸ் "முற்போக்குக் கூட்டாட்சி" என்று பேசினார். பாசோக் தலைவர் நிகோஸ் அண்ட்ருலாகிஸ், மிட்சோடாக்கிசும் வேண்டாம் சிப்ராசும் வேண்டாம், பிரதமர் மூன்றாமவராக இருக்கட்டும் என்றார். கம்யூனிஸ்ட் கட்சி யாரோடும் சேராது. 1989-இல் புதிய ஜனநாயகத்தோடு ஆட்சியில் பங்கேற்ற அனுபவத்துக்குப் பிறகு அது அதன் அடையாளமே ஆகிவிட்டது. கடைசியில் மூவரும் சேர்ந்தாலும் 138 தான் வந்தது. ஒரு கட்சி தனக்கென்று எழுதிய சட்டம், அந்தக் கட்சிக்கு உதவாமலேயே ஒரே ஒரு தேர்தலோடு முடிந்துபோனது.

சொன்னதும் செய்ததும்: 2015

கணக்கு எல்லாம் சரி, ஆனால் கொள்கை அறிக்கையைப் பார்த்து ஓட்டுப் போடலாமே என்று கேட்கலாம். கிரேக்கர்கள் போட்டுப் பார்த்தார்கள்.

2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ கடன், 2012-இல் 130 பில்லியன், ஒவ்வொன்றுக்கும் பதிலாகச் சம்பளக் குறைப்பு, ஓய்வூதியக் குறைப்பு, வரி உயர்வு. இந்த ஒப்பந்தங்களுக்கு 'ம்நிமோனியோ' என்று பெயர். பொருளாதாரம் கால் பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. 2009-இல் 43.92 சதவீதத்தோடு ஆட்சிக்கு வந்து முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பாசோக், ஜனவரி 2015-இல் 4.68 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்த ஜனவரியில் சிரிசா 36.34 சதவீதத்தோடு 149 இடம். சிக்கனத்தை நிறுத்துவோம் என்று சொல்லி வந்தவர்கள்.

இரண்டு இடம் குறைவு. யாரோடு சேர்ந்தார்கள்? சுதந்திர கிரேக்கர்கள் என்ற வலதுசாரித் தேசியக் கட்சியோடு. கடன் ஒப்பந்த எதிர்ப்பைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. ஜூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டன; பணப் பொறியில் நாளுக்கு 60 யூரோ. ஜூலை 5 பொது வாக்கெடுப்பில் 61.31 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 'ஓஹி', வேண்டாம் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சிப்ராஸ் மூன்றாவது ஒப்பந்தத்துக்கு இணங்கினார். 86 பில்லியன் வரை.

செப்டம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோது மக்கள் அவரைத் தண்டித்திருக்க வேண்டும் அல்லவா? 35.46 சதவீதம் கொடுத்து மறுபடி உட்கார வைத்தார்கள். முன்னர் சொன்ன, ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரிந்துபோன 25 பேரை 2.86-இல் வெளியே நிறுத்தினார்கள். இதை முரண்பாடு என்று எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த செப்டம்பரில் எந்த ஆளத்தக்க கட்சியும் ஒப்பந்தத்தை மீறப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. கொள்கையில் வித்தியாசம் இல்லாதபோது, அதே கசப்பு மருந்தை யார் கையால் குடிப்பது என்பதுதான் மிச்சம் இருந்த தேர்வு. 2009-இல் 71 சதவீதமாக இருந்த வாக்குப் பதிவு 57-க்கும் கீழே போனது. ஏமாற்றத்தின் அளவைக் கட்சிகளின் பங்கில் தேடக்கூடாது, இந்த எண்ணில் தேட வேண்டும்.

அடுத்த கணக்கு

2023-இல் தேர்வான நாடாளுமன்றத்தின் நான்காண்டுக் காலம் 2027 கோடையில் முடிகிறது. சட்டம் அதே படிப்படி போனஸ். களம் மட்டும் உடைந்து கிடக்கிறது. சிப்ராஸ் 2023 ஜூனில் தலைமையிலிருந்து விலகிய பின் சிரிசா இரண்டு தலைவர்களைப் பார்த்தது; இரண்டு முறை உடைந்தது; நவம்பர் 2024-இல் முக்கிய எதிர்க்கட்சி என்ற தகுதியைப் பாசோக்கிடம் இழந்தது. ஒருகாலத்தில் பாசோக்கின் ஓட்டுகளை விழுங்கித்தான் அது வளர்ந்தது.

ஜூன் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் புதிய ஜனநாயகம் 28.31 சதவீதம். அங்கே போனஸ் இல்லை, மக்களும் கோபத்தைக் காட்டவே அந்தத் தேர்தலைப் பயன்படுத்துவார்கள். அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு பயிற்சிக் கணக்காக அதே சதவீதங்களை 2020 சட்டத்தில் போட்டுப் பார்த்தேன். போனஸ் 26. வெளியே நிற்கும் ஓட்டு 14 சதவீதத்துக்கு மேல். வந்த விடை சுமார் 117 இடம். 151-க்கு 34 குறைவு. அந்த இடைவெளியை அடைக்க ஒரு பங்காளியாவது தேவை. அப்போது பாசோக் வாக்காளர் தன் சீட்டை உறையில் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஓட்டு மிட்சோடாக்கிசை இறக்குமா, அல்லது பிக்ரமெனோஸ், தானு, சர்மாஸ் வரிசையில் நான்காவதாக ஒரு நீதிபதியைப் பிரதமர் வீட்டுக்கு அனுப்புமா என்பதாக இருக்கும்.